பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை: ஆர்க்கிட் நாற்று வளர்ப்பின் நூறாண்டுக் கணக்கு

ஆர்க்கிட் காய் முற்றி வெடிக்கும்போது உதிர்வது கண்ணுக்கு வெறும் பொடிதான். இங்கிலாந்துப் புல்வெளியில் வளரும் ஓர் ஆர்க்கிட்டின் காயில் சுமார் 6,200 விதைகள் இருப்பதாக சார்லஸ் டார்வின் கணக்கிட்டார். முப்பது காய் பிடித்த செடி என்றால் ஏறத்தாழ 1,86,000 விதைகள். அத்தனையும் பிழைத்துப் பெருகினால் கொள்ளுப்பேரத் தலைமுறைக்குள் பூமியின் நிலப்பரப்பு ஏறக்குறைய முழுவதையும் அந்த ஒரே செடியின் வாரிசுகள் மூடிவிடும் என்றும் எழுதினார். ஆனால் அப்படி மூடவில்லை. மூடாததற்கான காரணம் தெரியாமலே அவர் காலத்துத் தோட்டக்காரர்கள் ஆர்க்கிட் விதையை மண்ணிலும் பாசியிலும் மரப்பட்டையிலும் தூவித் தூவிப் பெரும்பாலும் தோற்றார்கள்.

இன்று உலகின் எந்த ஊர்ப் பூக்கடையிலும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டி கிடைக்கிறது. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சர்க்கரையும் சில உப்புகளும் அகரும் கலந்த ஒரு கூழ். அந்தக் கூழ் எப்படி உருவானது, அதில் எது எதற்காகச் சேர்க்கப்படுகிறது, எந்த ஆர்க்கிட்டுக்கு அது போதும், எதற்குப் போதாது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதை முளைக்கப் பூஞ்சை செய்யும் வேலையை வளர்ப்பு ஊடகம் வெற்றிகரமாக எடுத்துக்கொண்டுவிட்டது. பூந்தொழிலுக்கு அது முழு விடை. அழிந்துவரும் காட்டு ஆர்க்கிட்டுகளைப் பொறுத்தவரை பாதி விடைதான். மீதிப் பாதி அந்தந்தக் காட்டு மண்ணிலும் மரப்பட்டையிலும் இருக்கிறது.

சேமிப்பு இல்லாத விதை

நெல்லும் உளுந்தும் தேங்காயும் முளைக்குத் தேவையான உணவைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஆர்க்கிட் விதையில் கருவூண் இல்லை. பெரும்பாலான இனங்களில் விதையிலையோ முளைவேரோ உருவாவதில்லை. சில பத்து முதல் ஓரிரு நூறு செல்கள் கொண்ட ஒரு கரு, அதைச் சுற்றிக் காற்று நிறைந்த மெல்லிய உறை, இவ்வளவுதான் விதை. நீளம் 0.05 மில்லிமீட்டர் முதல் 6 மில்லிமீட்டர் வரை, எடை 0.3 முதல் 24 மைக்ரோகிராம் வரை. மிகச் சிறிய விதைகளில் ஒரு கிராமுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் நிற்கும்.

இந்த அமைப்பால் செடிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. காற்றில் வெகுதூரம் மிதந்து உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் போய் இறங்கும் விதை அது. அதற்குச் செடி கொடுக்கும் விலையும் பெரிது. விழுந்த இடத்தில் உணவளிக்க யாராவது இருந்தால்தான் அந்தக் கரு வளரும்.

பூஞ்சை என்ற செவிலித்தாய்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிலர் விதையிலிருந்து ஆர்க்கிட்டை எழுப்பிவிட்டார்கள். டப்ளின் அருகே கிளாஸ்நெவின் தாவரவியல் தோட்டத்தில் டேவிட் மூர் 1849-இல் அத்தகைய வெற்றியை அறிவித்தார். இங்கிலாந்தின் வீச் நாற்றங்காலில் ஜான் டொமினி உருவாக்கிய முதல் செயற்கைக் கலப்பின ஆர்க்கிட் 1856-இல் பூத்தது. தாய்ச்செடியின் வேரடியிலேயே விதையைத் தூவினால் சில சமயம் முளைக்கும் என்பது அந்தக் காலத்து அனுபவப் பாடம். ஏன் அங்கே மட்டும் முளைக்கிறது என்பது எவருக்கும் தெரியவில்லை.

1899-இல் அதற்கான விடை கிடைத்தது. பிரான்சில் இராணுவப் பணியில் இருந்த இளம் தாவரவியலாளர் நோயல் பெர்னார், ஃபோன்டென்ப்ளோ காட்டில் இலைச்சருகுக்கடியில் புதைந்து கிடந்த ஓர் ஆர்க்கிட் காயைக் கண்டார். அதற்குள் விதைகள் கூட்டமாக முளைத்திருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது முளைத்த ஒவ்வொன்றினுள்ளும் பூஞ்சை இழைகள் இருந்தன. பூஞ்சை ஆர்க்கிட்டின் நோயல்ல, அது நுழைந்தால்தான் முளைப்பே நடக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பூஞ்சைகளைத் தனியே பிரித்து வளர்த்து, விதையோடு சேர்த்து முளைக்கவைத்து நிரூபித்தார். 36 வயதில், 1911-இல் இறந்துபோனார். அவ்வளவு குறுகிய வாழ்வில் ஒரு துறையையே தொடங்கிவைத்துவிட்டார் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது.

விதைக்குள் நுழையும் இழைகள் செல்களில் நெருக்கமாகச் சுருண்டுகொள்கின்றன. கரு அந்தச் சுருள்களைச் சிதைத்து உணவாக்குகிறது. உயிருள்ள இழைகளிலிருந்தும் உணவு வந்து சேர்கிறது. துலாஸ்நெல்லா, செரட்டோபசிடியம், செபசினா வகைப் பூஞ்சைகளே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன. ஜெர்மனியில் ஹான்ஸ் பர்கெஃப் இதே வழியில் விரிவாக ஆராய்ந்தார். இங்கிலாந்தின் சார்ல்ஸ்வொர்த் நாற்றங்கால் பூஞ்சையோடு விதை முளைப்பிப்பதைத் தொழிலாகவே செய்தது. ஆயினும் இந்த முறை எளிதல்ல. எல்லாப் பூஞ்சையும் எல்லா விதைக்கும் பொருந்தாது. பொருந்தாத பூஞ்சை விதையை அப்படியே தின்றுவிடும். பொருந்திய பூஞ்சைகூட ஊடகத்தில் உணவு மிகுந்தால் வரம்பு மீறி வளர்ந்து நாற்றை அழிக்கும்.

நட்சன் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செடி உடலியல் ஆராய்ந்த லூயிஸ் நட்சன், பெர்னாரின் சோதனைகளை வேறு கண்ணோடு வாசித்தார். பெர்னாரும் பர்கெஃப்பும் பயன்படுத்திய சாலெப் என்பது ஆர்க்கிட் கிழங்கின் மாவு. அதில் மாவுச்சத்து உண்டு. சாலெப் கரைசல் செறிவாக இருந்தபோது பூஞ்சையின்றியே சில விதைகள் முளைத்ததை பெர்னாரே குறித்திருந்தார். அப்படியானால் பூஞ்சை செய்வது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுப்பது மட்டும்தானா? சர்க்கரையை நாமே கொடுத்துவிட்டால்?

நட்சன் கிருமி நீக்கிய விதைகளை உப்புகளும் சர்க்கரையும் சேர்த்த அகரில் இட்டார், முளைத்தன. 1922-இல் வெளியான அந்த ஆய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சர்க்கரையில் முளைத்த செடி முழு வளர்ச்சி அடையாது, பூக்காது என்று பூஞ்சைத் தரப்பினர் வாதிட்டார்கள். குடுவைக்குள் பூஞ்சையே தொடாமல் வளர்ந்த ஒரு கலப்பினச் செடி பூத்ததை 1930-இல் நட்சன் வெளியிட்டார். 1946-இல் அவர் திருத்தி அளித்த கலவை ‘நட்சன் சி’ என்ற பெயரில் இன்றும் உலகம் முழுவதும் புழங்குகிறது.

இந்த விவாதத்தில் யார் வென்றார்கள் என்று கேட்டால் இரு தரப்பும் என்றுதான் சொல்ல வேண்டும். பூஞ்சை இழைகள் வழியே இளநாற்றுக்குச் சர்க்கரை கடத்தப்படுவதை 1960-களில் சாலி ஸ்மித் காட்டினார். பூஞ்சையின் பங்கில் பெரும்பகுதி சர்க்கரைதான் என்ற வகையில் நட்சன் சரி. ஆனால் காட்டில் சர்க்கரையை ஊற்ற யாரும் இல்லை. அங்கே பூஞ்சை இல்லாமல் ஆர்க்கிட் இல்லை என்ற வகையில் பெர்னார் சரி. பிற்காலத்தின் பல தவறுகள் இவ்விரண்டில் ஒன்றை மறந்ததால் நேர்ந்தவை.

குடுவைக்குள் என்ன இருக்கிறது

நட்சன் சி ஊடகத்தின் ஒரு லிட்டரில் கால்சியம் நைட்ரேட் 1,000 மில்லிகிராம், அமோனியம் சல்ஃபேட் 500, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 250, மெக்னீசியம் சல்ஃபேட் 250, இரும்பு சல்ஃபேட் 25, மாங்கனீசு சல்ஃபேட் 7.5 மில்லிகிராம் இருக்கும். சர்க்கரை 20 கிராம். அமிலத்தன்மை பி.எச். 5.0 முதல் 5.2 வரை. இதன் எளிமைதான் இதன் பலம். வைட்டமினோ ஹார்மோனோ இல்லாமலே காட்லியாவும் பல மரத்தொற்று ஆர்க்கிட்டுகளும் இதில் முளைக்கின்றன.

இதற்கு ஒரு குறை உண்டு. நாற்றுகள் அமோனியத்தை உறிஞ்ச உறிஞ்ச ஊடகம் புளித்துக்கொண்டே போகும். வேசினும் வென்ட்டும் 1949-இல் வெளியிட்ட ஊடகத்தில் மெதுவாகக் கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட்டைச் சேர்த்து இதைக் கட்டுப்படுத்தினார்கள். ஆசிய நாடுகளில் டென்ட்ரோபியம், வாண்டா வளர்ப்பவர்களிடம் இது நிலைத்துவிட்டது. இரும்பு படிந்துவிடும் தொல்லையைத் தவிர்க்க, பின்னர் வந்த ஆய்வுக்கூடங்கள் கரைந்தே நிற்கும் கொடுக்கிணைப்பு (கீலேட்) இரும்பைச் சேர்க்கத் தொடங்கின.

1962-இல் புகையிலைத் திசுவுக்காக முராஷிகேயும் ஸ்கூக்கும் உருவாக்கிய எம்.எஸ். ஊடகம் எல்லாச் செடிகளின் திசு வளர்ப்பிலும் பரவியது. ஆர்க்கிட் பக்கமும் வந்தது. அதில் நைட்ரேட்டும் அமோனியமும் சேர்ந்து லிட்டருக்குச் சுமார் 60 மில்லிமோல் நைட்ரஜன் உண்டு. நட்சன் சி-யில் சுமார் 16 மட்டுமே. ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாடு இது. உப்புக் குறைந்த பட்டையிலும் சருகிலும் பிறக்கப் பழகிய ஆர்க்கிட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. எனவேதான் பெரும்பாலோர் எம்.எஸ். உப்புகளைப் பாதியாக, கால்பங்காகக் குறைத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் மித்ராவும் அவருடைய குழுவினரும் 1976-இல் ஆர்க்கிட்டுக்கென்றே வெளியிட்ட ஊடகம் இங்குள்ள இனங்களில் பரவலாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது.

நைட்ரஜனின் அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியம். காட்லியா நாற்றுகள் முளைத்த முதல் இரு மாதங்கள் வரை நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாமல் அமோனியத்தையே நம்பி வளர்கின்றன என்று வி. ராகவனும் ஜான் டோரியும் 1964-இல் காட்டினார்கள். நைட்ரேட்டைச் செரிக்கும் நொதி அதன் பிறகே போதிய அளவு உருவாகிறது. ஊடகம் என்பது செடி இனத்தை மட்டும் பொறுத்ததல்ல, அதன் வயதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல தரைவாழ் ஆர்க்கிட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய் அமினோ அமிலம், பெப்டோன் போன்ற கரிம நைட்ரஜனையே விரும்புகின்றன.

இயற்கைச் சேர்மானங்களில் முதலிடம் தேங்காய்த் தண்ணீருக்கு. 1941-இல் வான் ஓவர்பீக்கும் உடன் ஆய்வாளர்களும் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரைப் பயன்படுத்தி வென்றார்கள்; அதிலிருந்து அது உலகத் திசு வளர்ப்புக்குள் நுழைந்தது. அதில் ஸியாட்டின் முதலான சைட்டோகைனின் ஹார்மோன்கள், சர்க்கரைகள், அமினோ அமிலங்கள் உள்ளன. லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிலிட்டர் வரை சேர்ப்பது வழக்கம். வாழைப்பழக் கூழ், உருளைக்கிழங்குச் சாறு ஆகியவை முளைப்புக்கு அவ்வளவு உதவாவிட்டாலும், முளைத்த நாற்றை மாற்றி நடும் ஊடகத்தில் வேரையும் இலையையும் பருக்கவைக்கின்றன. தொழில்முறை நாற்றங்கால்களுக்கு இவை வரப்பிரசாதம். ஆய்வாளருக்கோ தலைவலி. ஒரு காயின் தண்ணீர் இன்னொன்றைப் போல் இருக்காது. பழத்தின் பழுப்புக்கேற்பக் கூழின் சத்து மாறும். அவற்றைச் சேர்த்துக் கண்ட முடிவை வேறொரு கூடத்தில் அப்படியே திரும்பப் பெறுவது கடினம். அடிப்படைச் சோதனைகளைத் தெளிவான வேதிக்கலவையிலும் நாற்றுப் பெருக்கத்தை இயற்கைச் சேர்மானங்களிலும் செய்வதே சரியான வழி.

செயலூட்டிய கரித்தூள் லிட்டருக்கு ஓரிரு கிராம் சேர்த்தால் செடி கசியும் பீனால்களை அது பிடித்துக்கொள்ளும். ஊடகம் இருட்டாவதால் வேரும் நன்றாக இறங்கும். ஆனால் கரி ஹார்மோனையும் விழுங்கிவிடும். ஹார்மோன் அளவை ஒப்பிடும் சோதனையில் கரியைச் சேர்த்துவிட்டு முடிவெழுதுவது பொருளற்றது.

இவை அனைத்தையும் கூழாக உறையவைக்கும் அகர் கடற்பாசியிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாக் கரையில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகர் தொழிலின் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்று. ஆர்க்கிட் ஆய்வுக்கூடத்தின் சுத்தமான வெள்ளை அறைக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பும் இருக்கிறது.

காய் பறிக்கும் நாள்

ஆர்க்கிட்டில் மகரந்தம் விழும்போது சூல்கள் பெரும்பாலும் உருவாகியே இருக்காது. மகரந்தம் விழுந்த பிறகுதான் அவை வளரத் தொடங்கும். கருவுறுதல் நடக்க வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே கையால் மகரந்தம் சேர்த்த தேதியைச் செடியில் அட்டை கட்டிக் குறித்துவைப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம்.

காயை முழுதாக முற்றவிட்டு விதையை எடுக்கலாம். அல்லது வெடிக்குமுன் பச்சையாகப் பறிக்கலாம். முற்றுவதற்கான காலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பச்சைக் காயில் கரு வளர்ந்திருக்கும், விதையுறை இன்னும் தடித்திருக்காது, முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் சேர்ந்திருக்காது. இன்னொரு வசதி, மூடிய காய்க்குள் கிருமி கிடையாது. காயின் வெளிப்பரப்பை மட்டும் துடைத்து, ஆல்கஹாலில் முக்கித் தீயில் காட்டி, கிருமியற்ற காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசையில் கத்தியால் பிளந்து விதையை நேராக ஊடகத்தில் தூவிவிடலாம்.

முற்றிய விதை என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட் அல்லது கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சில நிமிடங்கள் ஊறவைத்துக் கழுவ வேண்டும். இந்த ஊறல் கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. தடித்த விதையுறையை வெளுக்கவைத்து நீர் புகும்படி மாற்றுகிறது. நேரம் குறைந்தால் பூசணம் பிடிக்கும், கூடினால் கரு சாகும். விதை உயிரோடிருக்கிறதா என்பதை டெட்ராசோலியம் சாயத்தில் சோதிக்கலாம். உயிருள்ள கரு சிவக்கும். முளைப்பு விழுக்காட்டைக் கூறும் கட்டுரைகளில் எத்தனை விதையில் உயிருள்ள கரு இருந்தது என்பதும் கூறப்பட வேண்டும். அது இல்லாத எண்ணை ஊடகத்தின் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மணியிலிருந்து செடிவரை

ஊடகத்தில் விழுந்த கரு முதலில் உப்பும், பிறகு உறையைக் கிழித்து வெளிவரும். பச்சை மணி போன்ற அந்த உருண்டைதான் புரோட்டோகார்ம். அதன் அடியில் மெல்லிய மயிர்கள் தோன்றும், உச்சியில் முதல் இலை எழும், வேர் கடைசியாக வரும். பெரும்பாலான வெப்பமண்டல இனங்களுக்கு 25 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பமும் நாளுக்கு 12 முதல் 16 மணி நேர மிதமான ஒளியும் போதும். நெருக்கமாக முளைத்த மணிகளை இரண்டு மூன்று மாதத்தில் பிரித்துப் புதிய ஊடகத்தில் பரப்ப வேண்டும். தாமதித்தால் ஊடகம் தீர்ந்து வளர்ச்சி நின்றுவிடும். தாய்லாந்தின் ஆய்வுக்கூடங்கள் இதற்குத் தட்டையான மதுப் புட்டிகளைக் கழுவிப் பயன்படுத்தின. படுக்கவைத்தால் பரப்பு அதிகம், அடுக்கினால் இடம் குறைவு. விலையுயர்ந்த கருவி இல்லாமலே ஒரு நாடு டென்ட்ரோபியம் ஏற்றுமதியில் முன்னணிக்கு வந்ததில் இத்தகைய நடைமுறை அறிவுக்குப் பங்குண்டு.

ஓராண்டை ஒட்டி நாற்று குடுவையை விட்டு வெளியே வரும். பல முயற்சிகள் வீழ்வது இந்தக் கட்டத்தில்தான். நீராவி நிறைந்த புட்டிக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு மெல்லியது, இலைத்துளைகளுக்கு மூடிப் பழக்கமில்லை. திடீரென்று வெளிக்காற்றில் வைத்தால் ஒரே பகலில் வதங்கும். வேரில் ஒட்டிய அகரில் சர்க்கரை இருக்கும். கழுவாவிட்டால் பூசணம் வரும். வெதுவெதுப்பான நீரில் அகரைக் கழுவி, தென்னைமட்டைத் துண்டு, கரி, செங்கல்துண்டு கலந்த தட்டில் நட்டு, ஈரப்பதத்தை 80, 90 விழுக்காட்டிலிருந்து சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஃபலனாப்சிஸ் அதன்பின் இரண்டு, மூன்று ஆண்டில் பூக்கும். வாண்டா இன்னும் கூடுதல் பொறுமை கேட்கும்.

தரைவாழ் ஆர்க்கிட்டுகள் சொல்லும் மறுப்பு

மேலே சொன்னவை பெரும்பாலும் மரத்தொற்று இனங்களுக்குப் பொருந்தும். தரையில் வளரும் ஆர்க்கிட்டுகள், அதிலும் குளிர்நாட்டு இனங்கள், இந்தச் சூத்திரத்துக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. அவற்றின் முற்றிய விதையுறை நீரை விடாது, முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலம் உள்ளே இருக்கும், ஒளி பட்டால் முளைப்பு நிற்கும். சிப்ரிபீடியம் முளைக்க இருட்டு வேண்டும். முளைத்தபின் தளிர் எழ மாதக்கணக்கில் குளிர்காலம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அந்தக் குளிர்காலம் குளிர்பதனப் பெட்டியில் தரப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் தரை ஆர்க்கிட்டுகளுக்கு மார்க் கிளெமென்ட்ஸும் எல்யார்டும் 1979-இல் பெர்னாரின் வழிக்கே திரும்பினார்கள். அரைத்த ஓட்ஸும் அகரும் மட்டும் கொண்ட மெலிந்த ஊடகத்தில் பொருத்தமான பூஞ்சையையும் விதையையும் சேர்த்தார்கள். பூஞ்சை ஓட்ஸை உண்டு நாற்றுக்கு ஊட்டியது. அங்கே பேர்த் நகரின் கிங்ஸ் பார்க் தோட்டம் இந்த முறையைப் பல அரிய இனங்களுக்கு விரித்தது. எந்தப் பூஞ்சை எங்கே இருக்கிறது என்று அறிய ஹான் ராஸ்முசனும் டென்னிஸ் விகமும் 1993-இல் ஓர் எளிய உத்தியை வெளியிட்டார்கள். மெல்லிய நைலான் வலைக்குள் விதையை வைத்து மண்ணில் புதைத்து, மாதங்கள் கழித்துத் தோண்டிப் பார்ப்பது. முளைத்திருந்தால் அந்த மண்ணில் பூஞ்சை உண்டு. அந்த முளையிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கலாம்.

விதையா, குளோனா

1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல் சிம்பிடியம் செடியின் நுனிக்குருத்தை வளர்த்து, வைரஸ் நீங்கிய செடிகளைப் பெருக்க முடியும் என்று காட்டினார். ஒரே செடியிலிருந்து ஆயிரக்கணக்கான நகல்கள் கிடைத்தன. வணிக உலகம் அதைப் பற்றிக்கொண்டது. ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே நாளில் பூப்பு என்று சந்தை கேட்பதை நகல்தான் தர முடியும். தொடர்ந்து பிரித்துப் பெருக்கும்போது சில நகல்களில் பூவின் வடிவமே கெடுவதும் உண்டு.

காட்டுக்கு அனுப்ப வேண்டிய செடிக்கோ அந்த ஒரேமாதிரித் தன்மை ஆபத்து. ஒரு நோய், ஒரு வறட்சி எல்லா நகல்களையும் ஒன்றாகச் சாய்த்துவிடும். வெவ்வேறு செடிகளுக்கிடையே மகரந்தம் சேர்த்து எடுத்த விதையிலிருந்து வந்த நாற்றுகளில்தான் வேறுபாடு இருக்கும், எதிர்காலமும் இருக்கும். புதிய கலப்பினம் உருவாக்கவும் விதையே வழி. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் 1928-இல் எரிக் ஹோல்ட்டம் தொடங்கிய கலப்பினப் பணி, குடுவையில் விதை முளைப்பிக்கும் முறையை வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவந்து ஒரு நகரத்தின் அடையாளத்தையே ஆர்க்கிட் ஆக்கியது.

காட்டுக்குத் திரும்பும் வழி

இங்கிலாந்தில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட மஞ்சள் சிப்ரிபீடியம் 1930-இல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடியாகக் கண்டெடுக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் இரகசியமாகக் காக்கப்பட்டது. 1983-இல் கியூ தோட்டத்தில் தொடங்கிய ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டம், முற்றாத விதையிலிருந்து குடுவையில் நாற்று எழுப்பி நிலத்தில் நட்டது. அப்படி நட்ட செடி ஒன்று 2000-இல் பூத்தது. ஒற்றைச் செடியிலிருந்து ஓர் இனம் திரும்பும் பாதை எவ்வளவு நீளமானது என்பதை இந்த ஆண்டுகளே சொல்லும்.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி இந்நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றில் 388 இங்கு மட்டுமே வளர்பவை. ஏற்காட்டில் அந்நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சிக்கிமின் பாக்யோங்கில் ஆர்க்கிட்டுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் 1996 முதல் இயங்குகிறது. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் நிலையம் இந்தத் துறையில் செய்த பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. நீல வாண்டாவைத் திசு வளர்ப்பில் பெருக்கிக் காட்டு மரங்களில் நிலைகொள்ளவைத்த முயற்சியை எஸ். சீனியும் பி.ஜி. லதாவும் 2000-இல் வெளியிட்டார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மஞ்சள் பூ வாண்டா ஸ்பாத்துலாட்டாவுக்கும் அதே நிலையத்தின் ஆய்வாளர்கள் அவ்வழியே செய்தார்கள்.

அகத்தியமலைக்கு மட்டுமே உரிய பாஃபியோபெடிலம் துரூரி, தென்னிந்தியாவின் ஒரே பாஃபியோபெடிலம். அழகே அதற்கு எமனாக வந்தது; சேகரிப்போர் கண்டு கண்டு பெயர்த்ததில் மிக அருகிப்போனது. பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலும் அதற்கு உண்டு. ஆனால் சட்டம் பறிப்பவனைத் தண்டிக்கலாம், ஆசையைத் தணிக்காது. வளர்ப்பு நாற்று தாராளமாகவும் மலிவாகவும் கிடைத்தால்தான் காட்டுச் செடியின் விலை விழும். குடுவை நாற்றின் பாதுகாப்புப் பயன்களில் இதைச் சிறியதென்று எண்ணக்கூடாது.

எங்கே நிற்கிறோம்

நூறாண்டு ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது சில முடிவுகள் உறுதியாகத் தெரிகின்றன. எல்லா ஆர்க்கிட்டுக்கும் ஏற்ற ஒரே ஊடகம் கிடையாது. உப்பு குறைவாக, சர்க்கரை மிதமாக, முதல் மாதங்களில் அமோனியமோ கரிம நைட்ரஜனோ கிடைக்கும்படி தொடங்குவது பெரும்பாலான இனங்களுக்குப் பாதுகாப்பான தொடக்கம். ஊடகத்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன் காயின் வயதையும் விதையின் உயிரையும் சரிபார்ப்பது பல வீண் சோதனைகளைத் தவிர்க்கும்.

வெளிவரும் கட்டுரைகளில் மிகப் பெரும்பகுதி ஹார்மோன் அளவுகளை மாற்றி மாற்றி எத்தனை தளிர் வந்தது என்று எண்ணுவதோடு முடிந்துவிடுகிறது. நாற்று தொட்டிக்கு வந்ததா, மரத்தில் பற்றியதா, ஐந்தாண்டுக்குப் பின் பூத்துக் காய்த்ததா என்ற கேள்விகளுக்கு விடை அரிதாகவே வருகிறது. ஆர்க்கிட் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் ஆய்வு எதுவானாலும் அதன் அளவுகோல் காட்டில் தானாகப் பிறந்த அடுத்த தலைமுறைதான். அந்தத் தலைமுறைக்குச் சர்க்கரை கிடைக்காது; பூஞ்சைதான் கிடைக்க வேண்டும். குடுவையில் பூஞ்சையின்றி வளர்ந்த தாய்ச்செடி காட்டில் நன்றாகவே நிற்கலாம், பூக்கலாம். அதன் விதை விழும் இடத்தில் பூஞ்சை இல்லையென்றால் அந்த வம்சம் அதோடு முடிந்தது.

ஆகவே மூன்று வேலைகள் ஒன்றாக நடக்க வேண்டும். முதலாவது, விதைக் களஞ்சியம். நன்றாக உலர்த்திக் குளிரில் வைத்தால் பல இனங்களின் விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்; 2007-இல் கியூ தலைமையில் தொடங்கிய பன்னாட்டு விதைச் சேமிப்பு முயற்சி இதற்கான எளிய முறைகளைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. இரண்டாவது, பூஞ்சைக் களஞ்சியம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வொரு அருகிய இனத்தின் வேரிலிருந்தும் பூஞ்சையைப் பிரித்து, விதையோடு இணைத்துச் சேமிக்க வேண்டும். வலைப்பொதியில் விதையைப் புதைத்து மண்ணைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை; ஒரு கல்லூரித் தாவரவியல் துறையாலேயே முடியும். மூன்றாவது, செடி நிற்கும் காட்டைக் காப்பது. மரமும் பாசியும் மகரந்தம் சுமக்கும் பூச்சியும் போய்விட்ட இடத்தில் நட, ஆயிரம் புட்டி நாற்றுகள் இருந்தும் பயனில்லை.

நட்சனின் சர்க்கரைக் கூழ் மனிதர் கண்டுபிடித்த மிகப் பயனுள்ள தோட்டக்கலை உத்திகளில் ஒன்று. அதை மதிப்பது என்பது அதன் எல்லையையும் அறிந்து பயன்படுத்துவதுதான். பெர்னாரையும் நட்சனையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்த்து உட்காரவைக்கும் நிறுவனங்களே அடுத்த நூறாண்டில் ஆர்க்கிட்டுகளைக் காப்பாற்றும். அத்தகைய ஆய்வுக்கூடம் அகத்தியமலையின் அடிவாரத்திலும் நீலகிரியிலும் கொல்லிமலையிலும் வேண்டும் என்று கேட்பது இந்த மலைகளின் மேல் அக்கறை உள்ள ஒவ்வொருவருக்கும் உரிய நியாயமான கோரிக்கை.